முழங்காலைத் தொட்டுப் பார்த்து, அளந்து, வலுவேற்றுவது எப்படி

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து "முட்டி தேஞ்சிருக்கு" என்று ஒருவர் சொன்னதும், கேட்பவர் மனதில் செருப்பின் அடிப்பாகம்தான் வந்து நிற்கும். நடந்தால் இன்னும் தேயும்; அதனால் நடையைக் குறைப்போம், படி ஏறாமல் இருப்போம், முடிந்தவரை உட்கார்ந்தே காலத்தை ஓட்டுவோம். இந்தக் கணக்கால்தான் எத்தனையோ பேருடைய முட்டி சீக்கிரமே கெட்டுப்போகிறது. 'தேய்மானம்' என்ற சொல்லே தப்பான படத்தை மனதில் வரைந்துவிடுகிறது. முழங்காலின் குருத்தெலும்புக்கு அசைவுதான் சாப்பாடு. அந்த மூட்டைத் தாங்கிப் பிடிப்பது தொடைத் தசை. இவை இரண்டும் பிடிபட்டுவிட்டால் எதைச் செய்யலாம், எதை விடலாம், எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும் என்பதெல்லாம் ஓரளவு தானாகவே விளங்கும்.

இங்கே சொல்லியிருப்பதைச் செய்துபார்க்க ஒரு பாய், ஒரு குளியல் துண்டு, தையல் டேப், பேனா, 43 முதல் 45 செ.மீ. உயரமுள்ள கைப்பிடி இல்லாத நாற்காலி ஆகியவை போதும்.

உள்ளே என்ன இருக்கிறது

முழங்காலில் சேர்வது மூன்று எலும்புகள். மேலே தொடையெலும்பு, கீழே டிபியா என்ற கீழ்க்கால் எலும்பு, முன்னால் முட்டிச்சில்லு. வெளிப்பக்கம் ஒல்லியாக இறங்கும் ஃபிபுலா இந்த மூட்டுக்குள் வருவதில்லை. எலும்புகள் உரசும் இடங்களில் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். சில்லின் பின்பக்கத்தில் மட்டும் 5 மில்லிமீட்டரைத் தாண்டும். உடம்பிலேயே தடிமனான குருத்தெலும்பு அங்கேதான்.

இந்தக் குருத்தெலும்பில் ரத்தக்குழாய் இல்லை, நரம்பும் இல்லை. ரத்தம் வராத இடத்துக்குச் சாப்பாடு எப்படிப் போகும்? பாத்திரம் தேய்க்கும் பஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் தண்ணீர் வெளியேறும், விட்டால் உறிஞ்சிக்கொள்ளும். காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்கி, எடுக்கும்போது மூட்டுநீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சத்து அதோடு போகிறது. ஆரோக்கியமான முட்டியில் அந்த நீர் 1 முதல் 4 மில்லிலிட்டர்தான், ஒரு தேக்கரண்டிகூடத் தேறாது. முட்டையின் வெள்ளைக்கரு போல இழுபடும். மாதக்கணக்கில் ஊன்றாத காலில் குருத்தெலும்பு மெலிவதற்குக் காரணம் இந்தச் சாப்பாடு நின்றுபோவதுதான்.

நரம்பு இல்லாததால் இன்னொன்றும் நடக்கிறது: குருத்தெலும்பு தானாக வலிப்பதில்லை. வலி வருவது அதற்கு அடியில் உள்ள எலும்பு, மூட்டின் உள்சவ்வு, மூட்டுறை, கொழுப்புத் திட்டு, சுற்றியுள்ள தசைநாண் ஆகியவற்றிலிருந்து. அதனால்தான் எக்ஸ்ரேயும் வலியும் ஒத்துப்போவதில்லை. 1957 முதல் எக்ஸ்ரேயை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் கெல்கிரன்-லாரன்ஸ் அளவு உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. 4ஆம் தரத்தில் இருந்தும் நன்றாக நடப்பவர்கள் உண்டு. 1ஆம் தரத்தில் இருந்தே படி இறங்க முடியாதவர்களும் உண்டு. படத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். காலைப் பார்த்து முடிவெடுங்கள்.

அடுத்து 'ஜவ்வு'. நம் ஊரில் முழங்காலுக்குள் இருக்கும் மெத்தென்ற எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பெயர்தான், குழப்பமும் அங்கேதான் பிறக்கிறது. தொடையெலும்புக்கும் டிபியாவுக்கும் நடுவே பிறை வடிவில் இரண்டு மெத்தைகள் இருக்கின்றன, அவை மெனிஸ்கஸ். எலும்பையும் எலும்பையும் இழுத்துக் கட்டும் நார்கள் லிகமென்ட். உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, நடுவில் குறுக்காக முன்னும் பின்னும் இரண்டு என்று மொத்தம் நான்கு. மெனிஸ்கஸ் கிழிந்தால் முட்டி மாட்டிக்கொள்ளும். நடு லிகமென்ட் அறுந்தால் முட்டி நழுவும். வைத்தியமும் வேறு வேறு. "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று யாராவது சொன்னால், எந்த ஜவ்வு, உட்பக்கமா வெளிப்பக்கமா, முழுதாகவா பாதியா என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மெனிஸ்கஸுக்கு அதன் வெளி ஓரத்தில் மட்டும்தான் ரத்த ஓட்டம் உண்டு. அங்கே கிழிந்தால் ஒட்ட வாய்ப்பிருக்கிறது, உள் ஓரத்தில் கிழிந்தால் தானாக ஒட்டாது.

விரலால் வரைபடம்

நாற்காலியில் உட்கார்ந்து முட்டியை 90 டிகிரிக்கு மடக்குங்கள், பாதம் தரையில் இருக்கட்டும். சில்லின் கீழ் முனையிலிருந்து இறங்கும் தடித்த நாண் கையில் படும். அதன் இரு பக்கமும் விரல் அமிழும் இரண்டு குழிகள் தெரியும். மூட்டின் இடைவெளி அந்த மட்டத்தில்தான் இருக்கிறது. உட்பக்கக் குழியில் ஆள்காட்டி விரலை வைத்து, அதே மட்டத்தில் பின்னோக்கி நகர்த்திக்கொண்டே போங்கள். இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெல்லிய பள்ளம் ஓடுவது தெரியும். அந்தக் கோட்டில் அழுத்தும்போது வலித்தால், உள் மெனிஸ்கஸையோ உட்பக்க மூட்டையோ சந்தேகிக்கலாம்.

அதே உட்பக்கத்தில் கோட்டுக்கு மூன்று விரல் கீழே இறங்கி, எலும்பின் மீது அழுத்திப் பாருங்கள். அங்கே மட்டும் "ஆ" என்று சொல்ல வைக்கும் வலி இருந்தால், அது மூட்டுக்குள் உள்ள கோளாறே இல்லாமல் இருக்கலாம். மூன்று தசைநாண்கள் சேர்ந்து ஒட்டும் இடம் அது. அதன் அடியில் உள்ள சிறு நீர்ப்பை வீங்கினாலும் இப்படி வலிக்கும். உடல் எடை கூடிய பெண்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இது அதிகம். 'தேய்மானம்' என்று முத்திரை குத்தப்பட்டு வருடக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறார்கள். சரியான பயிற்சியாலும் அந்த இடத்துக்கு மட்டுமான சிகிச்சையாலும் பெரும்பாலும் தீர்ந்துவிடும் வலி இது. அதனால்தான் முதலில் விரலால் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்கிறோம்.

படி இறங்கும்போதும், வெகுநேரம் மடக்கி உட்கார்ந்து எழும்போதும் முன்னால் சில்லைச் சுற்றி வலித்தால், கோளாறு சில்லுக்கும் தொடையெலும்புக்கும் நடுவில். சில்லுக்குக் கீழே நாணில் மட்டும் வலித்தால் தாண்டிக் குதிக்கும் விளையாட்டுக்காரர்களின் வலி. 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு அந்த நாண் போய் ஒட்டும் எலும்புப் புடைப்பில் வீங்கி வலிப்பது வளர்ச்சிக் காலத்தில் வருவது, விளையாட்டைக் குறைத்தால் மெல்ல அடங்கும். ஆனால் ஒரு பிள்ளை முட்டி வலி என்று நொண்டும்போது முட்டியைத் தொட்டு எங்கும் வலிக்கவில்லை என்றால், இடுப்பு மூட்டைக் கட்டாயம் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். இடுப்பில் உள்ள நோய் முட்டியில் வலியாகத் தெரிவது வழக்கம். பிள்ளைகளுக்கு இதைத் தவறவிட்டால் இழப்பு பெரிது.

அசைவு: கீல் மாதிரி, ஆனால் முழுக்கக் கீல் இல்லை

முட்டி கதவின் கீல் போல மடங்கி விரிகிறது என்பது பாதி உண்மை. மீதியைப் பார்க்க நாற்காலியில் உட்கார்ந்து, முட்டி 90 டிகிரியில் இருக்கும்போது சில்லின் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அதற்குக் கீழே டிபியாவின் புடைப்பில் இன்னொரு புள்ளி. இப்போது காலை மெதுவாக முழுக்க நீட்டுங்கள். கடைசி 20, 30 டிகிரியில் கீழ்ப்புள்ளி வெளிப்பக்கமாக நகர்வது தெரியும். திருகாணியைக் கடைசிச் சுற்று இறுக்குவது போல, டிபியா வெளியே திரும்பி முட்டியைப் பூட்டிக்கொள்கிறது. இந்தப் பூட்டினால்தான் பேருந்து நிறுத்தத்தில் தொடைத் தசையை வருத்தாமல் அரைமணி நேரம் நிற்க முடிகிறது. முட்டியின் பின்பக்கம் இருக்கும் பாப்லிட்டியஸ் என்ற சிறு தசை திரும்ப மடங்கும்போது அந்தப் பூட்டைத் திறக்கிறது.

முட்டியை முழுக்க நீட்ட முடியாதவருக்கு இந்தப் பூட்டு விழாது. நிற்கும் நேரம் முழுவதும் தொடைத் தசையே வேலை செய்தாக வேண்டும். மாலைக்குள் கால் கனத்துவிடும். மடக்குவது குறைந்தால் உடனே கண்ணில் படும், நீட்டுவது குறைந்தால் யாரும் கவனிப்பதில்லை. உண்மையில் நடைக்கு நீட்டுவதுதான் முக்கியம். சமதளத்தில் நடக்க 60 முதல் 65 டிகிரி மடங்கினால் போதும். படி ஏற 80, 90. நாற்காலியிலிருந்து எழ 90, 100. குந்தி உட்கார 130க்கு மேல் வேண்டும்.

மடங்கும்போது 'டக்' என்று கேட்டால் பயப்பட வேண்டாம். விரலில் நெட்டி முறிக்கும்போது வரும் சத்தத்தை 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எம்ஆர்ஐ படமாகவே பிடித்தார்கள்: எலும்புகள் சட்டென்று விலகும்போது மூட்டுநீரில் ஒரு வாயுக்குழி உருவாகிறது. முட்டியிலும் வலியில்லாத தனிச்சத்தம் பெரும்பாலும் இதைப் போன்றதுதான், அல்லது ஒரு நாண் எலும்பைத் தாண்டுவது. உள்ளங்கையைச் சில்லின் மேல் வைத்துக் காலை நீட்டும்போது மணல் அரைபடுவது போல நறநறப்பு கையில் உணர்ந்து, கூடவே வலியும் வீக்கமும் இருந்தால் மட்டும் அதைப் பொருட்படுத்துங்கள்.

நான்கு அளவுகள்

மாதம் ஒருமுறை இவற்றை எடுத்துத் தேதியோடு எழுதி வையுங்கள். "இப்ப பரவாயில்லைன்னு நினைக்கிறேன்" என்பதைவிட எண்கள் நம்பகமானவை.

நீர்: காலை நீட்டிப் படுத்துத் தொடையைத் தளர்த்துங்கள். சில்லின் உட்பக்கப் பள்ளத்தைக் கீழிருந்து மேலாக இரண்டு மூன்று முறை கையால் வழித்துவிடுங்கள். பிறகு வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை வழித்துக்கொண்டே உட்பக்கப் பள்ளத்தைப் பாருங்கள். அங்கே சின்ன அலை போல எழும்பினால் முட்டியில் நீர் கோத்திருக்கிறது. நிறைய நீர் இருந்தால் அலை தெரியாது, பள்ளமே மறைந்து சில்லு மிதக்கும்.

நீட்டம்: அதே நிலையில் முட்டியின் பின்பக்கத்தைப் பாயில் அழுத்துங்கள். அடியில் விரல் நுழையக் கூடாது. நுழைந்தால் எத்தனை விரல் என்று குறித்துக்கொள்ளுங்கள், மற்ற காலோடு ஒப்பிடுங்கள்.

தொடைச் சுற்றளவு: சில்லின் மேல் ஓரத்திலிருந்து 10 செ.மீ. மேலே பேனாவால் கோடு போட்டு டேப்பால் சுற்றி அளங்கள். தசையை இறுக்க வேண்டாம். வலியுள்ள பக்கம் 1 செ.மீ.க்கு மேல் மெலிந்திருந்தால் அந்தத் தசை வேலை செய்யவில்லை என்று அர்த்தம். முட்டிக்குள் நீர் கோத்தாலே நரம்பு வழியாகத் தொடை முன்தசைக்கு 'இறுகாதே' என்ற தடை போய்விடும். சில நாளிலேயே தசை வற்றத் தொடங்கிவிடும்.

எழுந்து உட்காருதல்: நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணைப்படி 60 முதல் 64 வயது ஆண் 14க்குக் கீழும், பெண் 12க்குக் கீழும் எடுத்தால் சராசரிக்குக் குறைவு. 70 முதல் 74 வயதில் அது 12, 10. கையை ஊன்றினால்தான் எழ முடிகிறது என்றால் எண்ணிக்கை பூஜ்யம். வெட்கப்பட ஒன்றுமில்லை, தொடங்கும் இடம் தெரிந்துவிட்டது.

என்னென்ன கெடுகிறது

மூட்டுவாதம், அதாவது நாம் தேய்மானம் என்று சொல்வது, பெரும்பாலும் முட்டியின் உட்பக்கத்தில் தொடங்குகிறது. நடக்கும்போது பாரத்தின் பெரும்பங்கு உட்பக்கத்தில்தான் இறங்குகிறது. அங்கே குருத்தெலும்பு மெலிய, கால் வில்லாக வளைய, வளைந்ததால் உட்பக்கத்தில் பாரம் இன்னும் கூட, அது ஒரு சுழலாகிவிடுகிறது. குருத்தெலும்போடு சேர்ந்து எலும்பு, சவ்வு, தசை எல்லாமே மாறுகிற நோய் இது. காலையில் எழுந்ததும் பிடிப்பு இருக்கும், ஆனால் அரைமணிக்குள் விட்டுவிடும். உட்கார்ந்து எழுந்ததும் முதல் நாலு அடி வலிக்கும், பிறகு சரியாகும். நாள் முழுக்க நடந்தால் மாலையில் வலி கூடும்.

காலைப் பிடிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கி, மோதிரம் கழற்ற முடியாமல் இருந்தால் அது முடக்குவாதமாக (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இருக்கலாம். வாதநோய் நிபுணரைச் சீக்கிரம் பாருங்கள். முதல் சில மாதங்களில் மருந்து தொடங்கினால் மூட்டைக் காப்பாற்றலாம். இரவோடு இரவாகக் கால் பெருவிரலோ முட்டியோ சிவந்து, போர்வை பட்டாலே துடிக்கும் வலி வந்தால் யூரிக் அமிலப் படிகங்களால் வரும் கௌட். சிக்குன்குனியா காய்ச்சல் போனபின்னும் மாதக்கணக்கில் மூட்டு வலி நிற்பது 2006 கொள்ளைநோய்க்குப் பிறகு தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்ததே.

அடிபட்ட முட்டியில் வீக்கம் வந்த நேரம் நிறையச் சொல்லும். கபடியில் சட்டென்று திரும்பும்போது உள்ளே 'டப்' என்று கேட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பந்தாக வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. முன் நடு லிகமென்ட் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். மறுநாள் மெல்ல வீங்கினால் மெனிஸ்கஸாக இருக்கலாம். எக்ஸ்ரே வேண்டுமா என்று முடிவுசெய்ய ஒட்டாவா விதிகள் உதவும்: வயது 55 அல்லது அதற்கு மேல், சில்லில் மட்டும் அழுத்தினால் வலி, வெளிப்பக்கம் ஃபிபுலாவின் தலையில் வலி, 90 டிகிரி மடக்க முடியவில்லை, நான்கு அடி வைக்க முடியவில்லை. இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுங்கள். புதிதாக அடிபட்ட முட்டியை எண்ணெய் போட்டு அழுத்தி நீவவோ, பிசகு என்று இழுக்கவோ விடாதீர்கள். உள்ளே கசியும் ரத்தம் கூடும், விரிசல் இருந்தால் விலகிவிடும். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைப்பது, இவ்வளவுதான்.

சில அறிகுறிகளுக்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. காய்ச்சலோடு ஒரே முட்டி சூடாகி வீங்கி, லேசாக அசைத்தாலே உயிர் போகிறது என்றால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். சில நாளிலேயே குருத்தெலும்பை அரித்துவிடும். நீரை ஊசியால் எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் ஆண்டிபயாடிக் தொடங்க வேண்டும், எனவே மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கினால் ரத்தநாளத்தில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். முட்டி மடங்கிய நிலையில் மாட்டிக்கொண்டு நீட்டவே முடியவில்லை என்றாலும் தாமதிக்காதீர்கள்.

வலுவேற்றும் பயிற்சி

வலி இருக்கும்போது பயிற்சி செய்யலாமா? செய்யலாம், ஒரு கணக்கோடு. வலியை 0 முதல் 10 வரை அளந்தால், பயிற்சியின்போது 3, 4 வரை பரவாயில்லை. 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும், மறுநாள் நீர் கோக்கக் கூடாது. அப்படி ஆனால் பயிற்சியை நிறுத்தாமல் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

முதல் பயிற்சி அழுத்துவது. காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைப் பாயோடு நசுக்குவது போல அழுத்துங்கள். சில்லு மேல்நோக்கி இழுபடுவதும், அதன் உட்பக்க மேல்மூலையில் தசை கட்டியாக எழும்புவதும் தெரிய வேண்டும். 5 நொடி பிடித்து விடுங்கள். 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. பலர் இங்கே தொடைக்குப் பதிலாகப் புட்டத்தை இறுக்குவார்கள். விரலைச் சில்லுக்கு மேலே வைத்துக்கொண்டால் எந்தத் தசை இறுகுகிறது என்று தெரிந்துவிடும். மூச்சைப் பிடிக்காதீர்கள், வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாகப் போகும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு இது முக்கியம்.

ஒரு வாரம் கழித்து, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி ஊன்றி, மற்றதை முட்டி மடங்காமல் 30 செ.மீ. தூக்குங்கள். 5 நொடி நிறுத்தி, தொப்பென்று போடாமல் மெல்ல இறக்குங்கள். 10 முறை. தூக்கும்போது முட்டி லேசாக மடங்கினால் தசை இன்னும் தயாராகவில்லை, அழுத்தும் பயிற்சிக்கே திரும்புங்கள். எதிர்க்காலை மடக்கி ஊன்றச் சொல்வது முதுகைக் காப்பதற்காக. அதை விட்டுவிட்டுச் செய்தால் முட்டி வலியோடு இடுப்பு வலியும் சேரும். பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்குவதையும் இதே எண்ணிக்கையில் சேருங்கள். இடுப்பின் பக்கத் தசை தளர்ந்தால் நடக்கும்போது முட்டி உள்ளே சரியும்.

இவை மூன்றும் எளிதான பிறகுதான் நாற்காலியிலிருந்து எழும் பயிற்சி, எல்லாவற்றிலும் பலன் அதிகம் தருவது. தொடக்கத்தில் இருக்கையின் மேல் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். பாதங்களை முட்டிக்குச் சற்று பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை குனிந்து, எழுங்கள். உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். உட்காரும் பாதியிலும் தசை வலுவேறுகிறது, அவசரத்தில் எல்லாரும் தவறவிடுவது அதைத்தான். முட்டிகள் ஒன்றையொன்று நோக்கிச் சரியாமல் இரண்டாம் கால்விரலுக்கு நேராக இருக்கட்டும். 8 முறை, இரண்டு சுற்று, வாரத்தில் மூன்று நாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தலையணையை மெலிதாக்குங்கள்.

நீட்டம் குறைந்தவர்கள் குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியைத் தானாகத் தொங்க விடுங்கள், 5 நிமிடம், தினம் இரண்டு வேளை. கெண்டைக்கால் இறுக்கத்துக்குச் சுவரைப் பிடித்துக் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையில் பட 30 நொடி, மூன்று முறை. பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் வாரத்தில் "ஒண்ணும் பிரயோஜனம் இல்லை" என்று விடுகிறவர்கள்தான் அதிகம். அந்த வாரத்தில்தான் உங்கள் குறிப்பேட்டில் எழுந்து உட்காரும் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். வலி குறைவதற்கு முன்பே எண் ஏறத் தொடங்கியிருக்கும்.

வீட்டுக்குள்

சமதளத்தில் நடக்கும்போது முட்டியில் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் இறங்குகிறது. எடை குறைத்தவர்களை அளந்து பார்த்த ஓர் ஆய்வில், எடை ஒரு கிலோ குறைந்ததற்கு ஒவ்வோர் அடியிலும் முட்டியின் பாரம் சுமார் நாலு கிலோ குறைந்திருந்தது. அந்தக் கணக்கில் 5 கிலோ குறைத்தவர் அடிக்கு 20 கிலோவை இறக்கி வைத்திருக்கிறார்.

குந்தி உட்காருவது சில்லின் பின்பக்கத்தை மிகவும் அழுத்தும். வலியுள்ள நாட்களில் கோலம் போட, காய் நறுக்க, துணி துவைக்க உயரமான ஸ்டூலோ மேடையோ வைத்துக்கொள்ளுங்கள். இந்தியக் கழிப்பறையை மாற்ற முடியாவிட்டால் மேலே வைக்கும் நாற்காலி வகை ஸ்டாண்டு கிடைக்கிறது. பக்கத்துச் சுவரில் பிடிகம்பி ஒன்று அடித்துவிடுங்கள். வலியில்லாதவர்கள் சம்மணம் போடுவதை நிறுத்த வேண்டியதே இல்லை. தினமும் தரையில் உட்கார்ந்து எழுபவருக்கு அந்த மடக்கும் வலுவும் காலத்துக்கும் நிற்கும்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். பெரும்பாலானோர் வலிக்கும் பக்கமே பிடித்து, உடம்பை அந்தப் பக்கமே சாய்த்து, பாரத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். செருப்பு போட்டு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். அடி ரப்பர் தேய்ந்தால் மாற்றுங்கள்.

மருந்தும் அறுவையும்

டைக்ளோஃபினாக் 1% ஜெல் முட்டிக்கு நல்ல மருந்து. ஆனால் ஒரு முட்டிக்கு ஒருமுறைக்கு 4 கிராம், நாளுக்கு நாலு முறை வரை என்பதுதான் அளவு. 30 கிராம் டியூப் ஏழு தடவைக்குத்தான் வரும். பட்டாணி அளவு தடவிவிட்டு வேலை செய்யவில்லை என்பது மருந்தின் குற்றம் ஆகாது. வலி மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் பாதிக்கும். டாக்டர் சொன்ன நாட்களைத் தாண்டி வாங்கிப் போடாதீர்கள். சில நாளில் அதிசயமாக வலி போக்கும் பெயரில்லாப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் ஆபத்து உண்டு. முகம் உப்புவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு பலவீனமாவது எல்லாம் பின்னால் வரும். கால்சியம் எலும்புக்கானது, குருத்தெலும்பை அது வளர்க்காது. டாக்டர் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைக் குறைக்கும், அந்த வாரங்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஊசி போட்ட சில நாள் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூட்டுவாதத்துக்காக மட்டும் துளைவழிக் கருவியால் உள்ளே கழுவுவதில் பலன் இல்லை. 2002இல் ஹூஸ்டனில் நடந்த ஆய்வில், தோலை மட்டும் கீறித் தைத்தவர்களும் உள்ளே கழுவப்பட்டவர்களும் ஒரே அளவுதான் குணமானார்கள்.

இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, வீட்டுக்குள்ளேயே நடக்க முடியாமை, மாதக்கணக்கில் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் மாற்றம் இல்லை என்றால் மூட்டு மாற்று அறுவையைப் பற்றிப் பேசலாம். நின்றபடி எடுத்த எக்ஸ்ரே கொண்டுபோங்கள். படுத்தபடி எடுத்ததில் இடைவெளி குறைந்திருப்பது சரியாகத் தெரியாது. 2019இல் வெளியான பெரிய தொகுப்பாய்வின்படி, முழு மூட்டு மாற்றியவற்றில் நூற்றுக்கு 82 முட்டிகள் 25 ஆண்டுக்குப் பின்னும் நிற்கின்றன. மாற்றிய முட்டி பெரும்பாலும் 110, 120 டிகிரி மடங்கும், குந்தவும் சம்மணம் போடவும் அது போதாது. பூஜையோ தொழுகையோ தொழிலோ தரையில் என்றால் அறுவைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். முன்பு வலுவேற்றிய தொடை அறுவைக்குப் பின் சீக்கிரம் எழுப்பும், ஆகவே தேதி குறித்த நாளிலிருந்து பயிற்சியை விடாதீர்கள். அறுவை முடிந்த வாரங்களில், இதமாக இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் முட்டிக்கு அடியில் தலையணை வைக்க வருவார்கள். வேண்டாம் என்று எடுத்துவிடுங்கள். முட்டி மடங்கியே இறுகிவிடும். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள்.